டிமக்ஸின் அடிவரி: எந்தக் கணினியில் வைப்பது, எதில் மறைப்பது?

டிமக்ஸ் (tmux) என்பது ஒரே டெர்மினலுக்குள், அதாவது கட்டளை தட்டும் திரைக்குள், பல திரைகளைத் திறந்துவைக்கும் நிரல். அதைத் திறந்தவுடன் திரையின் அடியில் பச்சைப் பின்னணியில் கறுப்பு எழுத்தோடு ஒரு வரி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இடது மூலையில் சதுர அடைப்புக்குள் செஷனின் (திறந்துவைத்த வேலைத் தொகுப்பின்) பெயர், அதையடுத்து அதற்குள் இருக்கும் விண்டோக்களின் பட்டியல், வலது மூலையில் பேனின் (விண்டோவின் ஒரு பகுதியின்) தலைப்பும் மணியும் தேதியும். இந்த ஸ்டேட்டஸ் பாரை, அதாவது பட்டையை, அப்படியே விட்டுவைப்பதா, ஒரேயடியாக அணைத்துவிடுவதா, வேண்டும்போது மட்டும் ஒரு விசையால் வரவழைப்பதா, தானாக வந்து தானாக மறையும்படி அமைப்பதா? நான்குக்கும் வழி இருக்கிறது.

திருநெல்வேலியிலும் தென்காசியிலும் வள்ளியூரிலும் வீட்டில் உட்கார்ந்தபடியே சர்வர் வேலை பார்க்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது ஒரே விடையை எதிர்பார்க்கிறார்கள். என் விடை கணினிக்குக் கணினி மாறும். தொலைவில் இருக்கும் சர்வரில் பட்டை எப்போதும் கண்ணில் பட வேண்டும், அதுவும் உறுத்தும் நிறத்தில். மடியில் இருக்கும் சொந்தக் கணினியில் அது மறைந்தே இருக்கலாம். ஒரு விசைக்கு வந்தால் போதும். தானாக மறையும் ஏற்பாட்டை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஏன் என்பதைச் சொல்கிறேன். கட்டளைகளைப் போனில் ஒருவருக்குச் சொல்லும் விதத்திலேயே எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில், பட்டை எடுத்துக்கொள்ளும் இடம். அது ஒரே ஒரு வரிதான். 24 வரி டெர்மினலில் ஏறத்தாழ 4 சதவீதம். பெரிய மானிட்டர் வைத்திருப்பவர் இதைப் பொருட்படுத்தவே வேண்டாம். பழைய லேப்டாப்பில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்து வேலை பார்ப்பவருக்குத்தான் கணக்கு மாறுகிறது. விம் என்னும் எழுத்துத் திருத்தியில் நிலைவரியை இயக்கி வைத்திருந்தால் அது ஒன்று, அதன் அடியில் கட்டளை வரி. அந்த விம் சர்வரில் ஓடும் டிமக்ஸுக்குள் இருந்தால் அதற்கொரு பட்டை. சர்வருக்குள் போனதே லேப்டாப்பின் டிமக்ஸ் வழியாக என்றால் அதற்கும் ஒரு பட்டை. நிரலைப் படிக்க வேண்டிய திரையின் அடியில் நான்கு வரிகள் அறிவிப்புக்கே போய்விடுகின்றன. அவற்றில் எதை எடுப்பது என்பதில்தான் பலர் தவறான பட்டையை எடுத்துவிடுகிறார்கள். சர்வரின் பட்டையை அணைத்துவிட்டு, லேப்டாப்பின் பட்டையை அலங்காரம் செய்து வைத்துக்கொள்கிறார்கள்.

சர்வரின் பட்டைக்கு ஒரு வேலை இருக்கிறது, அதை வேறு எதுவும் முழுமையாகச் செய்வதில்லை. நாம் எந்தக் கணினியில் நிற்கிறோம் என்பதை அது சொல்கிறது. பாளையங்கோட்டையில் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு மும்பையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவருக்கு எல்லாக் கணினியும் ஒரே கறுப்புத் திரைதான், ஒரே விசைப்பலகைதான். ஒரு கோப்புறையை அழிக்கும் கட்டளை சோதனைச் சர்வரில் ஒன்றுமே இல்லை. வாடிக்கையாளரின் கணக்கு ஓடுகிற சர்வரில் அதே கட்டளை பெரும் இழப்பு. ஷெல்லின் வரியில், அதாவது கட்டளை தட்டும் இடத்தில், கணினியின் பெயர் வருமே என்று கேட்கலாம். விம்மோ கோப்பைப் படிக்கும் லெஸ்ஸோ திரையை முழுக்க நிறைத்துக்கொண்டவுடன் ஷெல்லின் வரி கண்ணுக்குத் தெரியாது. பட்டை அப்போதும் நிற்கும்.

ஆனால் டிமக்ஸ் தரும் இயல்பான பட்டையை அப்படியே விட்டால் இந்த வேலை பாதிதான் நடக்கும். நண்பர் ஒருவர் சர்வர்களுக்கெல்லாம் நம் பக்கத்து அணைகளின் பெயரை வைத்திருக்கிறார்: பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, ராமநதி. செஷனுக்கும் அதே பெயர். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. பட்டையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இடதுபக்கத்துக்கு 'ஸ்டேட்டஸ்-லெஃப்ட்-லெங்த்' என்ற அமைப்பு உண்டு. அதன் இயல்பான மதிப்பு 10. பாபநாசத்தை ஆங்கில எழுத்தில் எழுதினால் 9 எழுத்து. திறக்கும் அடைப்புக்குறியையும் சேர்த்தால் 10. மூடும் அடைப்புக்குறி வெட்டுப்பட்டுப்போகும். அதனால் கெடுதல் இல்லை. வேலை பெருகி, பாபநாசம்1 என்றும் பாபநாசம்2 என்றும் இரண்டு செஷன்கள் வந்துவிட்டால்தான் ஆபத்து. இரண்டையும் வேறுபடுத்துகிற அந்த ஒற்றை எண் பதினோராவது இடத்தில் இருப்பதால் திரைக்கு வரவே வராது. இரண்டு பட்டைகளும் அச்சு அசலாக ஒன்றாகவே தெரியும். எனவே சர்வரில் முதல் வேலையாக அந்த அளவை 30 ஆக்கிவிடுங்கள்.

கணினியின் பெயர் வலதுபக்கம் ஏற்கெனவே தெரிகிறதே என்று நம்பிவிடவும் கூடாது. அங்கே இருப்பது பேனின் தலைப்பு. தொடக்கத்தில் அது கணினியின் பெயராகத்தான் இருக்கும். உள்ளே ஓடும் நிரல்கள் அதை மாற்றிவிட முடியும். ஆகவே 'ஸ்டேட்டஸ்-லெஃப்ட்' வரியில் ஹாஷ் குறியோடு சிறிய 'எச்' போட்டுக் கணினியின் பெயரையும், பெரிய 'எஸ்' போட்டுச் செஷனின் பெயரையும் நீங்களே வைத்துவிடுங்கள்.

அடுத்தது நிறம். 'செட் -ஜி ஸ்டேட்டஸ்-ஸ்டைல்' என்று தொடங்கி, பின்னணி சிவப்பு, எழுத்து வெள்ளை என்று கொடுத்தால் போதும். வாடிக்கையாளரின் சர்வர் சிவப்பு, சோதனைச் சர்வர் மஞ்சள் என்று பிரித்துவைத்தால் பெயரைப் படிப்பதற்கு முன்பே கண் எச்சரித்துவிடும். அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் கோப்பு ஒன்றையே எல்லாக் கணினிக்கும் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள், எஸ்எஸ்எச் என்னும் தொலைவு இணைப்பு வழியாக வந்தவர்களின் ஷெல்லில் இருக்கும் 'எஸ்எஸ்எச்_கனெக்‌ஷன்' என்ற மாறி நிரம்பியிருக்கிறதா என்று 'இஃப்-ஷெல்' என்ற நிபந்தனைக் கட்டளை மூலம் பார்த்து நிறத்தை மாற்றலாம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டிமக்ஸின் பின்னணி நிரல் முதன்முதலில் தொடங்கும்போதுதான் கான்ஃபிக் கோப்பு படிக்கப்படுகிறது. கணினி எழுந்தவுடன் தானாகத் தொடங்கிய டிமக்ஸில் பிறகு எஸ்எஸ்எச் வழியாக நுழைந்தால் சிவப்பு வராது. அந்த மாதிரி சர்வர்களில் கணினியின் பெயரை வைத்தே நிறத்தைத் தீர்மானிப்பதுதான் நம்பகமானது.

பட்டையில் தெரியும் மணி சர்வரின் மணி. பெரும்பாலான சர்வர்கள் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் ஓடுவதால் நம் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியே காட்டும். அதை இந்திய நேரத்துக்கு மாற்றித்தரும்படி பலர் கேட்கிறார்கள். மாற்றாதீர்கள். பதிவுக் கோப்புகளிலும் அதே யுடிசி நேரம்தான் இருக்கும். ஒரு கோளாறு எப்போது தொடங்கியது என்று தேடும்போது பட்டையும் பதிவும் ஒரே நேரத்தைச் சொல்வது பெரிய உதவி.

இணைப்பு மெதுவாக இருக்கும் இடங்களில் பட்டைக்கு இன்னொரு பயனும் உண்டு. குற்றாலம், பாபநாசம் மலையடிவாரங்களில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது, டிமக்ஸின் ஒவ்வொரு கட்டளைக்கும் முன் அழுத்தும் முன்விசையான கன்ட்ரோல்-பி அழுத்தியது சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாது. சந்தேகத்தில் மறுபடியும் அழுத்துவோம். அடுத்த விசை எங்கோ போய் விழும். 'கிளையன்ட்_பிரிஃபிக்ஸ்' என்ற மாறியை வைத்து, அந்த விசை வந்து சேர்ந்தால் மட்டும் பட்டையில் ஒரு குறி தோன்றும்படி செய்யலாம். குறி தெரிந்த பிறகு அடுத்த எழுத்தை அழுத்துங்கள். இந்த ஒன்றுக்காகவே சர்வரின் பட்டையை வைத்துக்கொள்ளலாம் என்பேன்.

தமிழில் செஷன் பெயர் வைக்கலாமா என்ற கேள்வி வரும், வர வேண்டும். டிமக்ஸ் யூனிகோடை ஏற்றுக்கொள்கிறது. சிக்கல் அகலத்தில் வருகிறது. டெர்மினல் ஒவ்வொரு எழுத்துக்கும் இத்தனை கட்டம் என்று கணக்கு வைக்கிறது. நம் உயிர்மெய்க் குறிகளில் யூனிகோடே இரண்டு வகை வைத்திருக்கிறது. 'கீ'யில் உள்ள ஈகாரக் குறியும் மெய்யின் புள்ளியும் இடம் எடுக்காத குறிகள். 'கா'வின் கால், 'கி'யின் கொக்கி போன்றவை இடம் எடுக்கும் குறிகள். இந்த இரண்டாம் வகையை ஒரு டெர்மினல் ஒரு கட்டமாகவும் இன்னொரு டெர்மினல் சுழியமாகவும் எண்ணும்போது, டிமக்ஸின் கணக்கும் திரையின் கணக்கும் பொருந்தாமல் போகின்றன. பட்டையின் வலதுபக்கம் தள்ளிப்போகும், சில சமயம் கடைசி எழுத்து அடுத்த வரிக்கு வழிந்துவிடும். தமிழ்ப் பெயரைப் பட்டையில் பார்க்க எனக்கும் ஆசைதான். உங்கள் டெர்மினல் அதைச் சரியாக வரைகிறதா என்று சொந்தக் கணினியில் சோதித்துப் பாருங்கள். சர்வரில் மட்டும் இப்போதைக்கு ஆங்கில எழுத்துப் பெயரே பாதுகாப்பு.

சொந்தக் கணினிக்கு வருவோம். அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தம்பி பட்டையை முழுவதுமாக அணைத்துவிட்டு வந்து காட்டினான். "திரை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள் அண்ணாச்சி" என்றான். "எத்தனை விண்டோ திறந்திருக்கிறாய் என்று சொல் தம்பி" என்று கேட்டேன். முன்விசையை அழுத்தி 'டபிள்யூ' தட்டிப் பட்டியலைக் கொண்டுவந்து காட்டிவிட்டான். அவன் செய்தது சரிதான். கைக்குப் பழகிவிட்டால் விண்டோ பட்டியலுக்கு 'டபிள்யூ', செஷன் பட்டியலுக்குச் சிறிய 'எஸ்', இப்போதைய விண்டோவின் விவரத்துக்கு 'ஐ' என்று எல்லாமே ஒரு விசைத் தொலைவில் இருக்கின்றன. பட்டையை அணைத்தாலும் டிமக்ஸின் செய்திகளும் அது கேட்கும் கேள்விகளும் தொலைந்துபோவதில்லை. கடைசி வரியின் மேல் சற்று நேரம் தோன்றி மறையும். அந்தச் செய்தி முக்கால் நொடிதான் நிற்கும், 750 மில்லிநொடி. 'டிஸ்ப்ளே-டைம்' அமைப்பை 3000 ஆக்கிக்கொண்டால் நிதானமாகப் படிக்கலாம்.

இருந்தாலும் முழு அணைப்பைவிட விசையால் மாற்றும் வழியே மேல். கான்ஃபிக் கோப்பில் 'செட் -ஜி ஸ்டேட்டஸ் ஆஃப்' என்று ஒரு வரி, 'பைண்ட் பி செட் ஸ்டேட்டஸ்' என்று இன்னொரு வரி. இந்த 'பி' கன்ட்ரோல்-பியில் வரும் அதே ஆங்கில b, சிறிய எழுத்து. டிமக்ஸில் அது இயல்பாக வேறு எதற்கும் ஒதுக்கப்படவில்லை. மதிப்பு எதுவும் கொடுக்காமல் 'செட் ஸ்டேட்டஸ்' என்று நிறுத்தினால் இருப்பது அணையும், அணைந்தது எரியும். விசைக்கான வரியில் '-ஜி' போடாமல் விட்டதைக் கவனியுங்கள். '-ஜி' என்பது எல்லாச் செஷன்களுக்கும் பொதுவான மதிப்பு. ஒரு செஷன் தனக்கென்று ஒரு மதிப்பை எடுத்துக்கொண்டுவிட்டால் பொது மதிப்பை அது கண்டுகொள்ளாது. ஒருமுறை '-ஜி' இல்லாமலும் மறுமுறை '-ஜி'யோடும் மாற்றிக்கொண்டிருந்தால், விசை வேலை செய்யவில்லை என்று தோன்றும். அப்போது 'செட் -யூ ஸ்டேட்டஸ்' என்று கொடுத்துச் செஷனின் தனி மதிப்பை நீக்கிவிடுங்கள்.

பட்டையை இரண்டு வரியாக வைத்திருப்பவர்களுக்கு இந்த எளிய மாற்றுவிசை பயன்படாது. 2019இல் வந்த 2.9 பதிப்பிலிருந்து பட்டையை 5 வரி வரை உயர்த்தலாம். மதிப்பு 2 அல்லது அதற்கு மேல் இருந்தால், வெறும் 'செட் ஸ்டேட்டஸ்' அதை மாற்றாமல் அப்படியே விட்டுவிடும். 'இஃப்-ஷெல்' வைத்து நீங்களே இரண்டு பக்கமும் எழுதிக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால், ஒரு வரிக்கு மேல் பட்டை தேவைப்படுகிறவருக்கு உண்மையில் தேவைப்படுவது தனியாக ஒரு கண்காணிப்பு விண்டோ.

லேப்டாப்பின் பட்டையை மறைத்து, சர்வரின் பட்டையை எப்போதும் வைத்திருப்பதால் கிடைக்கும் பெரிய பலன் இதுதான்: திரையின் அடியில் பட்டை இருந்தால் நீங்கள் சர்வரில் இருக்கிறீர்கள், இல்லாவிட்டால் சொந்தக் கணினியில். படிக்கவே வேண்டாம். டிமக்ஸுக்குள் டிமக்ஸ் ஓடும்போது முன்விசையை ஒருமுறை அழுத்தினால் அது வெளியே இருக்கும் லேப்டாப்பின் டிமக்ஸுக்குத்தான் போகும். இரண்டுமுறை அழுத்தினால்தான் உள்ளே இருக்கும் சர்வருக்குப் போகும். அதனால் கை தவறி 'பி' அழுத்தினாலும் சர்வரின் பட்டை மறைந்துவிடாது. லேப்டாப்பின் பட்டைதான் வந்து நிற்கும், அதுவும் பச்சையில். இரண்டு பட்டைகளையுமே விரும்புகிறவர்கள் 'ஸ்டேட்டஸ்-பொசிஷன்' கொண்டு லேப்டாப்பின் பட்டையை மேலே ஏற்றிவிடலாம். ஒன்று உச்சியில், ஒன்று அடியில் என்றால் குழப்பம் குறையும். வரிதான் ஒன்று கூடுதலாகப் போகும்.

சொந்தக் கணினியில் பட்டை கட்டாயம் வேண்டும் என்று நான் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளின் பதிவுகளைப் பார்த்துக்கொள்கிற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் காற்று வீசும்போது நிமிடத்துக்குப் பல வரிகள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். அந்த விண்டோவை யாரும் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. வேறு விண்டோவில் வேறு வேலை நடக்கும். அந்த ஒரு விண்டோவுக்கு மட்டும் 'மானிட்டர்-சைலன்ஸ்' அமைப்பை 60 என்று வைத்தால், 60 நொடி எந்த வரியும் வராதபோது பட்டையில் அதன் பெயருக்குப் பக்கத்தில் அலைக்குறி தோன்றும். பதிவு வருவது நின்றுவிட்டது என்பதற்கு அதுவே முதல் தகவல். பட்டையை மறைத்தவருக்கு அந்தக் குறி கண்ணில் படாது. இதேபோல் புதிதாக ஏதாவது வந்தால் ஹாஷ் குறி, மணியடித்தால் வியப்புக்குறி. பல விண்டோக்களில் நீண்ட வேலைகளை ஓடவிட்டுக் காத்திருப்பவர் எவராயினும் பட்டையை மறைக்க வேண்டாம்.

தானாக மறையும் ஏற்பாடு டிமக்ஸின் ஹூக் வசதியால், அதாவது ஒன்று நடந்தவுடன் ஒரு கட்டளையைத் தானாக ஓட்டும் வசதியால், நடக்கிறது. ஒரே விண்டோ இருந்தால் பட்டை மறையும், இரண்டாவது திறந்தவுடன் வரும். கேட்பதற்கு அறிவார்ந்ததாகத் தோன்றும். பட்டை வரும்போதும் போகும்போதும் திரையின் உயரம் ஒரு வரி மாறுகிறது, உள்ளே ஓடும் நிரல்களுக்கெல்லாம் அளவு மாறிய செய்தி போகிறது, அவை திரையை மறுபடி வரைகின்றன. படித்துக்கொண்டிருந்த வரி குதிக்கும். விசையை நாமே அழுத்தும்போது இந்தக் குதிப்பை எதிர்பார்த்திருப்போம்; தானாக நடக்கும்போது எதிர்பார்ப்பதில்லை. அதைவிடப் பெரிய குறை, பட்டை இருப்பதற்கும் இல்லாததற்கும் இருந்த பொருளே போய்விடுகிறது. சர்வரில் ஒரே விண்டோ இருக்கும் நேரத்தில் அங்கேயும் பட்டை இராது.

வகுப்பறையில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பட்டை இருக்கிறதா இல்லையா என்பது செஷனைச் சேர்ந்த அமைப்பு. ஆசிரியரும் மாணவியும் ஒரே செஷனில் இணைந்திருந்தால், மாணவி மறைத்தால் ஆசிரியருக்கும் மறைந்துவிடும். ஆனால் பட்டைக்குள் என்ன தெரிய வேண்டும் என்பதை டிமக்ஸ் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாகவே கணக்கிட்டு வரைகிறது. இந்த வேறுபாடு செல்போனில் வேலை பார்ப்பவர்களுக்குக் கைகொடுக்கும்.

நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறியபின் சர்வரில் ஏதோ பிரச்சினை என்று தகவல் வருகிறது. ஆண்ட்ராய்டு போனில் டெர்மினல் தரும் டெர்மக்ஸைத் திறந்து போனிலேயே உள்ளே நுழைகிறோம். விசைப்பலகை பாதித் திரையை அடைத்துக்கொள்ள, மீதி இருக்கும் வரிகள் சொற்பம். பட்டையை அணைத்துவிடத்தான் கை போகும். அணைக்காதீர்கள், சுருக்குங்கள். போனில் பஞ்சம் அகலத்துக்கு. வலதுபக்கத்துக்கு இயல்பாக 40 இடம் ஒதுக்கப்பட்டிருப்பதால் விண்டோ பட்டியல் நசுங்கிப்போகும். 'கிளையன்ட்_விட்த்' என்ற மாறி அந்தந்தத் திரையின் அகலத்தைத் தரும். அகலம் 60க்குக் குறைந்தால் வலதுபக்கம் காலியாக இருக்கட்டும் என்று நிபந்தனை எழுதிவைத்தால், போனில் கணினியின் பெயரும் விண்டோ எண்களும் மட்டும் வரும். அதே நேரத்தில் அதே செஷனில் வீட்டு லேப்டாப்பில் இருப்பவருக்கு முழுப் பட்டையும் தெரியும். அரைத்தூக்கத்தில் சின்னத் திரையில் வேலை பார்க்கும்போது எந்தச் சர்வர் என்ற அடையாளம் மற்ற நேரத்தைவிட அதிகமாகவே தேவை.

பட்டைக்குள் எதை வைப்பது என்பதைச் சுருக்கமாகவே சொல்லலாம். லேப்டாப்பில் பேட்டரி சதவீதம் நல்லது. மின்தடை வரும் நாளில் 'பி' அழுத்தி ஒரு பார்வை பார்த்து மறைத்துவிடலாம். ஹாஷ் குறியும் வளைவு அடைப்பும் போட்டு எந்த ஷெல் கட்டளையின் விடையையும் பட்டையில் வைக்க முடியும் என்பதால், வானிலை, சிபியு வரைபடம் என்று ஆசை வளரும். ஒவ்வொன்றும் குறித்த இடைவெளியில் ஒரு ஷெல்லைத் தொடங்குகிறது. இயல்பான இடைவெளி 15 நொடி. அதை 1 ஆக்கி, மணியில் நொடியையும் காட்டினால், மெதுவான இணைப்பில் நொடிக்கு நொடி தரவு ஓடிக்கொண்டிருக்கும். சர்வரில் 60 போதும். பட்டையை அலங்கரிக்கும் பவர்லைன் அம்புக்குறிகள் தனி எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கட்டங்களாகத் தெரியும்; சர்வரில் அவை வேண்டவே வேண்டாம்.

டிமக்ஸை விட்டு வேறு எதற்காவது மாறுவதா என்று யோசிப்பவர்களுக்கும் இதே அளவுகோல்தான். டிமக்ஸைப் போன்றே வேலை செய்யும், 1987இல் பிறந்த ஸ்க்ரீன் இயல்பாகப் பட்டையே காட்டாது. 'ஹார்ட்ஸ்டேட்டஸ் ஆல்வேஸ்லாஸ்ட்லைன்' என்று எழுதினால்தான் வரும். ஆகவே பழைய சர்வரில் ஸ்க்ரீன் மட்டும் இருந்தால் அந்த வரியைக் கட்டாயம் எழுதுங்கள். உபுண்டுவில் இருந்து வந்த பையோபு, டிமக்ஸின் மேலோ ஸ்க்ரீனின் மேலோ ஏறி உட்கார்ந்து பட்டையைத் தகவல்களால் நிரப்பித் தருகிறது. எஃப்9 அழுத்தி வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம், ஷிஃப்ட்-எஃப்5 அழுத்திப் பட்டைகளை மாற்றிப் பார்க்கலாம். கான்ஃபிக் எழுத நேரமில்லாதவருக்கு அது போதும். 2021இல் வெளிவந்த ஸெல்லிஜ், மேலே ஒரு தாவல் பட்டையும் கீழே எந்த விசை என்ன செய்யும் என்ற குறிப்பும் வைத்துத் தொடங்குகிறது. முதன்முதலாகக் கற்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. விசைகள் மனப்பாடமானதும் 'காம்பேக்ட்' என்ற அமைப்புக்கு மாற்றினால் விசைக் குறிப்புகள் போய், தாவல்கள் மட்டும் ஒரே வரியில் நிற்கும்.

கோப்பில் எழுதுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஓடும் டிமக்ஸிலேயே சோதித்துப் பார்க்கலாம். 3.2 பதிப்பிலிருந்து முன்விசைக்குப் பின் பெரிய 'சி' அழுத்தினால் எல்லா அமைப்புகளும் பட்டியலாக விரியும். அங்கேயே மாற்றி விளைவைப் பார்க்கலாம். சர்வரில் என்ன பதிப்பு இருக்கிறது என்பதை 'டிமக்ஸ் -பெரிய வி' சொல்லும். 2.9க்கு முந்தைய வழிகாட்டிகளில் விண்டோ பெயர்களுக்கு எழுத்து நிறம் தனி, பின்னணி நிறம் தனி என்று கொடுக்கும் பழைய அமைப்புகள் இருக்கும், 2.9இல் அவை நீக்கப்பட்டுவிட்டன. அந்த வரிகளை 'ஸ்டைல்' என்று முடியும் புதிய பெயர்களுக்கு மாற்றிவிட்டுப் பிறகு கோப்பைச் சர்வர்களுக்கு அனுப்புங்கள்.